பாக்கிப் பணம் கொடுக்கும் முன் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள்

ஹீட்டிங் செலவைக் குறைக்க இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் விரிப்பு) போடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நான் ஏமாந்த கதை.

வந்த கான்ட்ராக்டர் அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடத்தில், ஏறவே இல்லை. கீழே நின்று சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேலே கண்ணாடி இழை விரித்துவிட்டால் பில் பாதியாகிவிடும் சார்" என்றார். பாதி! அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஒரே நாளில் வேலை முடிந்தது. முட்டி வலியால் நான் ஏணி ஏறவில்லை. அவர் செல்போனில் காட்டிய போட்டோவை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

குளிர் வந்தது, பில் அசையவே இல்லை. அதோடு படுக்கையறை சீலிங் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை வேறு.

அப்புறம் வேறொருவரைக் கூட்டி வந்தேன். அவர் மேலே ஏறி இழையைப் புரட்டிக் காட்டினார். அடியில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள். வயர் இறங்கும் ஓட்டை, விளக்குப் பெட்டி, குழாயைச் சுற்றிய சந்து என்று எதையுமே அடைக்காமல் அப்படியே மூடியிருக்கிறார்கள். வீட்டுச் சூடான காற்று அந்த வழியாக மேலே ஏற, இழை சல்லடை மாதிரி தூசியை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணாடி இழை காற்றை நிறுத்தாது; தனக்குள் அசையாமல் நிற்கும் காற்றை வைத்துத்தான் சூட்டைக் காக்கும். அதனாலேயே அமுக்கித் திணித்தால் பலன் குறையும். இவர்கள் கூரை ஓரத்தில் அதையும் செய்து, காற்றோட்டத் துளைகளை அடைத்திருந்தார்கள். மேலே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சையானது.

பழைய ஆளுக்கு ஃபோன் போட்டால், "இன்சுலேஷன் போட்டோமா இல்லையா? ஓட்டை அடைக்கிறது தனி வேலை சார்" என்கிறார். எழுதிக் கொடுத்த தாளிலும் அப்படித்தான் இருந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

புதியவர் முதலில் வாசல் கதவில் பெரிய ஃபேன் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் (காற்றழுத்த அலகு) வித்தியாசம் வைத்து, சந்துகள் வழியாக எவ்வளவு காற்று கசிகிறது என்று அளந்தார். சந்துகளை அடைத்துவிட்டு மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தார். இந்த இரண்டு எண்களையும் தராதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். கேஸ் ஹீட்டர் இருந்தால், அடைத்த பிறகு புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் புகையில் வரக்கூடிய விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரமும் கட்டாயம். போகிற போக்கில் அவர் ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) காற்று ஃபில்டரையும் உருவிக் காட்டினார். கம்பளி மாதிரி தூசி. சரி, அந்தப் பழி என்னுடையது.

பில் இப்போது குறைந்திருக்கிறது. பாதியெல்லாம் இல்லை. முதலில் விரித்ததை அள்ளி எடுக்கவே தனிக் கூலி ஆனது.