ஸ்லீவுக்குப் பிறகு எடை திரும்பினால்: மறு ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா, ஊசியா?

இன்று உலகில் அதிகம் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை ஸ்லீவ். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் ஒன்றிரண்டு வருடம் பெரிதாகப் பசிக்காது. எடை மளமளவென்று இறங்கும். அப்புறம் இறக்கம் நிற்கும், பலருக்கு மெல்ல ஏறவும் தொடங்கும். அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். என் அக்காவைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தபோது ஒருவர் மறு ஸ்லீவ் என்றார், இன்னொருவர் மினி பைபாஸ் என்றார், மற்றொருவர் முதலில் எடையைக் குறைக்கும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். ஒரே உடம்புக்கு எப்படி இத்தனை வழி என்று அன்றைக்குப் புரியவில்லை. எந்த வழி யாருக்கானது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தெளிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எடை கொஞ்சம் திரும்புவது இயல்பு. இதை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரியது சுவீடனில் நடந்தது. அதில் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்கள் ஒன்றிரண்டு ஆண்டில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது 120 கிலோவில் இருந்தவர் 82 வரை இறங்கி, பிறகு 90இல் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு அறுவை தோற்றுவிட்டது என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. ஆனால் அந்த எட்டு கிலோவுக்கே கூனிக்குறுகி, மருத்துவரைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். சீக்கிரம் போயிருந்தால் சின்னத் திருத்தத்தில் முடிந்திருக்கும் விஷயம், போகாமல் இருப்பதால்தான் இருபது முப்பது கிலோவாக வளர்கிறது.

எடை ஏன் திரும்பியது?

இதற்கு விடை தெரியாமல் எந்த அறுவைக்கும் தேதி குறிக்க வேண்டாம். முதல் அறுவையில் இரைப்பையின் மேல்பகுதி சரியாக நீக்கப்படாமல் தங்கியிருக்கலாம். மிச்சம் வைத்த குழாய் நாளடைவில் விரிந்திருக்கலாம். எண்டோஸ்கோபி, பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் இது தெரியும். இன்சுலின், ஸ்டீராய்டு, மனநலத்துக்குத் தரும் சில மாத்திரைகள் எடையைக் கூட்டும். தைராய்டைப் பார்க்க வேண்டும், தூக்கத்தைக் கேட்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஏறலாம். இழந்த எடையை மீட்கத்தான் உடம்பு எப்போதும் முயலும், அது மனவுறுதிக் குறைவு இல்லை.

அக்கா சாப்பிடுவதைப் பார்த்தவர்கள் "இவ்வளவுதானா!" என்பார்கள். மதியம் ஒரு கரண்டி சாதம், கொஞ்சம் கூட்டு, அதற்கு மேல் இறங்காது. வாயில் போடும் எல்லாவற்றையும் ஒரு வாரம் எழுதி வரும்படி டயட்டீஷியன் சொன்னார். காலையில் சர்க்கரை போட்ட டீயில் தோய்த்த ரஸ்க். பதினொரு மணிக்கு இன்னொரு டீ, இரண்டு பிஸ்கட். சாயங்காலம் டப்பாவிலிருந்து அள்ளி அள்ளிக் கொறித்த மிக்சர். ராத்திரி சாப்பாடு பிடிக்காமல் பாலில் ஊறப்போட்ட பிரெட். இவை எதுவும் சின்ன இரைப்பையில் தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். முட்டையோ மீன் துண்டோ தங்கும், வயிற்றை நிறைக்கும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டிய இடத்தில் அவளுக்குப் பாதிகூட வரவில்லை.

"ஏம்மா முட்டையை விட்டுட்டீங்க?" என்று டயட்டீஷியன் கேட்டார். "கெட்டியா எது சாப்பிட்டாலும் நெஞ்சு எரியுது மேடம், இது மட்டும்தான் சுகமா இறங்குது" என்றாள் அக்கா. அந்த ஒரு பதிலில்தான் விஷயமே இருந்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி புண்ணாகியிருந்தது தெரிந்தது. எரிச்சல் அவளை மென்மையான, இனிப்பான சாப்பாட்டுப் பக்கம் தள்ளியது, அந்தச் சாப்பாடு எடையைக் கூட்டியது. "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று அவளைப் பேசிய சொந்தக்காரர்களுக்கெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மறு ஸ்லீவ்

விரிந்த குழாயை மறுபடி ஒடுக்கித் தைப்பது. கேட்க எளிமையாக இருக்கும், குடலைத் தொடுவதில்லை என்பதும் ஆறுதல் தரும். மேல்பகுதி தெளிவாக மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டி, நெஞ்செரிச்சலும் இல்லாதவருக்கு மட்டும்தான் இதில் அர்த்தம் உண்டு. ஏற்கெனவே தைத்த இடத்தில் திரும்பத் தைப்பதால் கசிவு ஏற்படும் ஆபத்து முதல் அறுவையைவிட அதிகம், கிடைக்கும் எடைக் குறைவும் நிலைப்பது கடினம். ஒரே வழி ஒருமுறை பலன் தந்து நின்ற பிறகு அதையே திரும்பச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பைபாஸும் மினி பைபாஸும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். பைபாஸில் மேலே சின்னதாக ஒரு பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். பித்தநீரும் கணையநீரும் வேறொரு கிளை வழியாக வந்து ஒரு மீட்டருக்கும் மேல் கீழே சேரும். ஆக இரண்டு இணைப்புகள். மினி பைபாஸில் நீளமான பை, ஒரே ஒரு இணைப்பு. 1997இல் அமெரிக்காவில் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியது. இணைப்பு ஒன்றே என்பதால் நேரம் குறைவு, செய்வதும் ஓரளவு சுலபம். நம் ஊரிலும் இதைப் பரிந்துரைப்பவர்கள் அதிகம்.

எடையை மட்டும் பார்த்தால் ஸ்லீவுக்குப் பிந்தைய மறு அறுவையில் மினி பைபாஸ் கொஞ்சம் முந்தி நிற்கிறது. ஸ்லீவிலிருந்து சாதாரண பைபாஸுக்கு மாறுபவர்களுக்குக் கூடுதலாகக் குறையும் எடை பெரும்பாலும் மிதமானதுதான். "முதல் தடவை மாதிரி நாற்பது கிலோ போகும்" என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

நெஞ்செரிச்சல் என்று வந்தால் கணக்கு மாறிவிடும். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் எவ்வளவு சாதாரணம் என்பதைப் பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 2022இல் வெளியான அதன் பத்தாண்டு முடிவில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். பைபாஸில் மேலே உள்ள பை மிகச் சிறியது, அமிலம் குறைவாகச் சுரக்கும். பித்தநீரும் தூரத்தில்தான் சேருகிறது. அதனால் எதுக்களிப்பு அடங்கிவிடும். மினி பைபாஸில் பித்தநீர் அந்த ஒற்றை இணைப்பைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. சிலருக்கு அது மேலே ஏறும். ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் பித்தநீர் படுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்படி ஏறுவது நிற்காவிட்டால் மினி பைபாஸைச் சாதாரண பைபாஸாக மாற்ற மூன்றாவது அறுவை தேவைப்படும்.

சத்துக் குறைபாடு அடுத்தது. மறு அறுவையாக இல்லாமல் முதல் அறுவையாகவே இரண்டையும் ஒப்பிட்ட ஃபிரான்ஸ் நாட்டு ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் மினி பைபாஸுக்கு 200 செ.மீ. குடலை உணவு போகாதபடி தாண்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் எடைக் குறைவில் மினி பைபாஸ் பின்தங்கவில்லை, ஆனால் தீவிரமான சத்துக் குறைபாட்டுச் சிக்கல்கள் அதில்தான் அதிகம் வந்தன. இதை நம் வீடுகளில் பொருத்திப் பாருங்கள். முட்டைகூடத் தொடாத சைவ வீடு, ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண், மாத்திரையை இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிடும் பழக்கம். இந்த நிலையில் நீளக் குடலைத் தாண்டிவிடுவது ஆபத்தான ஏற்பாடு. மினி பைபாஸ் செய்வதாக முடிவாகிவிட்டால் "எத்தனை சென்டிமீட்டர் தாண்டப் போறீங்க?" என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். 150 என்பதும் 200 என்பதும் ஒன்றல்ல.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனைகளும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்கத் தேவை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மாதிரி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது, இணைப்பில் புண் வரும். புகைப்பவருக்கும் அதே ஆபத்து. மது சட்டென்று ஏறும், அந்தப் பழக்கத்தில் விழுவதும் எளிது.

சாடி

ஆங்கிலத்தில் SADI என்பார்கள், ஸ்பெயினின் மாட்ரிட்டில் 2007இல் தொடங்கிய முறை. ஸ்லீவ் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு, இரைப்பையின் கீழ்வாயைத் தாண்டிய இடத்தில் குடலை வெட்டி, சிறுகுடலின் கடைசி 250 முதல் 300 செ.மீ. மட்டும் உணவை உறிஞ்சும்படி இணைப்பார்கள். எடைக் குறைவிலும் சர்க்கரை நோயை அடக்குவதிலும் இந்த வரிசையில் இதுதான் வலுவானது. ஆரம்பத்தில் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 50க்கு மேல் இருந்தவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், எரிச்சல் இல்லாதவர் என்றால் யோசிக்கலாம். ஸ்லீவ் அப்படியே இருப்பதால் எரிச்சலும் அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு, நாற்றமடிக்கும் வாயு, ஏ, டி, இ, கே வைட்டமின் குறைவு, புரதக் குறைவு ஆகியவற்றோடு வாழ வேண்டிவரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வர முடியாத ஊரில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

முதலிலேயே பைபாஸ் செய்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இணைப்பு விரிந்திருந்தால் எண்டோஸ்கோபி வழியாகவே தைத்து ஒடுக்கலாம், பலன் மிதமானது, ஆபத்தும் குறைவு. குடலை இன்னும் கீழே இறக்கி இணைக்கும் மறு அறுவையில் எடை இறங்கும், ஆனால் புரதம் குறைந்து கால் வீங்கிப் படுத்தவர்கள் உண்டு.

ஊசி

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பேச்சில் ஊசிக்குப் பெரிய இடமில்லை. இப்போது இல்லாமல் பேச முடியாது. 2021இல் வந்த ஆய்வில் வாரம் ஒருமுறை போடும் செமக்ளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத அளவுக்கு எடையைக் குறைத்தது. 2022இல் டிர்செபடைட் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் 21 சதவீதத்தை எட்டியது. டிர்செபடைட் மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமக்ளூடைட் ஊசி வீகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆனால் செமக்ளூடைடின் அந்த 2021 ஆய்வில் எடைக் குறைப்பு அறுவை செய்தவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அறுவை செய்தவர்களிடமே நடத்தியது லண்டன் ஆய்வு ஒன்று, 2023இல் வெளியானது. பழைய தலைமுறை மருந்தான லிராக்ளூடைடைத் தினமும் போட்டவர்களுக்கு 24 வாரத்தில் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

குழாய் விரியவில்லை, எரிச்சல் இல்லை, ஏறியது பத்துப் பதினைந்து கிலோ என்றால் என் வாக்கு ஊசிக்குத்தான். ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம், வெட்டிய குடலை அப்படித் திருப்பி வைக்க முடியாது. ஆனால் நிறுத்தினால் எடை திரும்பும். செமக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் எத்தனை வருடம் கட்ட முடியும் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள். குமட்டலும் மலச்சிக்கலும் வரும், பித்தப்பையில் கல் வரலாம். ஏற்கெனவே பாதிப் புரதம் சாப்பிடுபவருக்குப் பசியும் போய்விட்டால் சதை கரையும், அதனால் டயட்டீஷியன் இல்லாமல் ஊசி வேண்டாம்.

அக்காவின் பிரச்சினையை ஊசி தீர்க்காது. உணவுக்குழாய்ப் புண்தான் அவளுக்கு முதல் எதிரி. நாங்கள் தேர்ந்தெடுத்தது சாதாரண பைபாஸ். எடையில் மினி பைபாஸ் அளவுக்குக் குறையாது என்று தெரிந்தேதான் முடிவெடுத்தோம்.

பணமும் காகிதமும்

இன்சூரன்ஸ் விதி முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது நிபந்தனைப்படி, எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்க பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் இதய நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்ற ஒன்று கூடவே இருக்க வேண்டும், மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும். மறு அறுவைக்கு வருபவர்களில் பலர் 33, 34இல் நிற்பார்கள், முதல் அறுவைக்குக் கிடைத்த கிளெய்ம் இப்போது கிடைக்காது. முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே அட்மிஷன் போடுங்கள்.

போகும்போது முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸும் வேண்டும். அளவு பார்க்க உள்ளே எவ்வளவு தடிமனான குழாயை வைத்து இரைப்பையை வெட்டினார்கள், மேல்பகுதி முழுக்க எடுக்கப்பட்டதா, ஹெர்னியா தென்பட்டதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பழைய மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அதோடு வருட வாரியாக எடை, சமீபத்திய எண்டோஸ்கோபி, பி12, ஃபெரிட்டின் (இரும்பு இருப்பு), வைட்டமின் டி, ஆல்புமின் (ரத்தப் புரதம்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), தைராய்டு முடிவுகள், ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பு. இவற்றை வாங்கிப் பார்க்காமல் முதல் சந்திப்பிலேயே அறுவைத் தேதி சொல்லும் இடத்திலிருந்து ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பி, இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.