ஜிபி100-ஆ, 686-ஆ? வீட்டுக்கும் காட்டுக்கும் ஒரே ரிவால்வர்

படுக்கையறைப் பெட்டகத்திலும் இருக்க வேண்டும், சனி ஞாயிறு மலைப்பாதையில் நடக்கப் போனால் இடுப்பிலும் தொங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கைத்துப்பாக்கி என்று அமெரிக்காவில் தேடுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நான்கு அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவின் அளவு, ஆறு தோட்டா. இந்த அளவில் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அருகருகே கிடப்பவை ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸன் 686. வாங்கியது ஜிபி100 என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே தராசு அந்தப் பக்கம் சாய்ந்தால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

மற்றவற்றை ஏன் ஒதுக்கினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து தோட்டா சிறிய ரிவால்வர்கள் சட்டைக்குள் மறைத்துக் கொண்டு போவதற்கானவை. முக்கால் கிலோ எடையில் .357 சுட்டால் உள்ளங்கை எரியும். எரிகிற கை பயிற்சிக்குப் போகாது. 2020-ல் மறுபடி வந்த கோல்ட் பைத்தான் அழகுதான், ஆனால் விலை 1,500 டாலரை ஒட்டி. நம் இரண்டும் ஆயிரத்துக்கு முன்பின்னாகக் கிடைக்கும்.

.357 ஏன் என்றால், அதன் வயிற்றில் பழைய, மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவும் போகும். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. 1935-ல் மேக்னம் வந்தபோது, பழைய .38 ரிவால்வருக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்று வெற்றுக்கூட்டை 1.155 அங்குலத்திலிருந்து 1.29 அங்குலமாக நீட்டினார்கள். அழுத்த வரம்பு .38-க்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. அதே 158 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு .38-ல் விநாடிக்குச் சுமார் 750 அடி வேகத்தில் போகும், .357-ல் 1,200 அடியைத் தாண்டும். ஆகவே வீட்டுக்குள் .38 பிளஸ் பி (சற்றுக் கூடிய அழுத்தத்தில் நிரப்பிய .38), காட்டில் .357 என்று பிரித்துக்கொள்வதே சரி. மூடிய அறையில், காதுக்கு எதுவும் இல்லாமல் மேக்னம் சுட்டால் காது நிரந்தரமாகக் கெடலாம். இருட்டில் குழல்வாய்த் தீ கண்ணைக் கூசவைக்கும். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகைதான். .38-ஆக இருந்தாலும் அதைத் துளைத்துக்கொண்டு போகும். எந்தப் பக்கம் குழந்தைகள் தூங்குகிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை வாங்கும் முன்பே வீட்டுக்குள் நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள். நான்கு அங்குலக் குழலோடு இரண்டும் 40 அவுன்ஸ் அளவில், அதாவது 1.1 கிலோ. இரண்டிலும் குறிபார்க்க உதவும் பின்குறியைத் திருகித் திருத்தலாம். இரண்டிலும் ஆறு அறையையும் நிரப்பியபடி எடுத்துப் போகலாம். ரூகரில் விசை (ட்ரிக்கர்) முழுதும் இழுபட்டால்தான் டிரான்ஸ்ஃபர் பார் என்ற எஃகுத் துண்டு மேலேறி, பின்னாலிருந்து அடிக்கும் ஹேமரின் அடியை, தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும். ஸ்மித்தில் ஹேமர் பிளாக் என்ற மெல்லிய எஃகுத் தகடு குறுக்கே நிற்கும். கீழே விழுந்து தானாக வெடிக்கும் பயம் இரண்டிலும் இல்லை.

விசையில் 686-க்கே வெற்றி. பெட்டியிலிருந்து எடுத்த உடனே வழவழப்பாக, ஒரே சீராக இழுபடும். ஜிபி100-ன், விசையை இழுத்தே ஹேமரைத் தூக்கிச் சுடும் டபுள் ஆக்‌ஷன் முதல் சில நூறு தோட்டா வரை மணல் கலந்த மாதிரி இருக்கும். காலி ரிவால்வரை வீட்டில் ஆயிரம் முறை இழுத்தால் பாதி சரியாகும். மீதிக்கு ஸ்பிரிங் மாற்றுகிறார்கள். ஆலையிலிருந்து வரும் 14 பவுண்டு ஹேமர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 12 போட்டால் போதும். 10, 9 என்று இறங்கினால் விசை வெண்ணெயாகிவிடும், ஆனால் தடித்த பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டி) உள்ள தோட்டா ஒன்று வெடிக்காமல் டிக் என்று நிற்கும். பந்தயத்தில் அது ஒரு புள்ளி நஷ்டம். நடுராத்திரியில் வேறு கணக்கு. 686-லும் இதே தவறு வேறு உருவில் நடக்கிறது. பிடியின் முன்பக்கம் கீழே இருக்கும் ஸ்ட்ரெயின் திருகை அரைச் சுற்று தளர்த்தி விசையை இலகுவாக்குவார்கள். அந்தத் திருகு முழுதும் முறுக்கப்பட்டிருக்க வேண்டியது. யாரும் தொடாமலேயே தளர்வதும் உண்டு. 686 திடீரென்று தோட்டாவை வெடிக்கவைக்கவில்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

விசை இவ்வளவு நன்றாக இருக்கும்போது ஏன் ஸ்மித் இல்லை? திறப்பு, அதாவது சுத்தம் செய்ய உள்ளே போகும் வழி. எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

காட்டுக்குப் போகும் ரிவால்வர் நனையும். ஓடையைக் கடக்கும்போது இடுப்பு வரை நனையும், உறைக்குள் மணல் போகும், பைன் ஊசித் துகள் ஹேமர் இடுக்கில் சேரும். துருப்பிடிக்காத எஃகு என்பது மெதுவாகத் துருப்பிடிக்கும் எஃகு, அவ்வளவே. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளுக்கு அந்தச் சலுகைகூட இல்லாமல் போகலாம். வெளியே துடைத்துவிட்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

ஜிபி100-ல் பக்கத் தகடே இல்லை. ஃப்ரேம் ஒரே வார்ப்பு. தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்து, ஆறு அறையையும் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, பிடியின் ஒரே திருகைக் கழற்றுங்கள். பிடிக்குள்ளேயே ஒரு சிறிய ஊசி வைத்திருப்பார்கள். ஹேமரைப் பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங் தண்டின் அடியில் ஒரு துளை தெரியும். ஊசியை அதில் நுழைத்து, விசையை இழுத்து ஹேமரை மெல்ல விட்டால் ஸ்பிரிங் அமுங்கியபடி ஊசியில் சிக்கி நிற்கும், அப்படியே கையோடு வரும். ஹேமரின் அச்சு ஊசியைப் பக்கவாட்டில் உருவி, விசையை இழுத்தபடி ஹேமரை மேலே தூக்குங்கள். விசைக் காப்பின் பின்புறம், ஃப்ரேமுக்குள் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்திக் காப்பைக் கீழே இழுத்தால் விசைத் தொகுதி மொத்தமும் ஒரே துண்டாக வெளியே வரும். பிறகு சிலிண்டர் கிரேனோடு (அதைத் தாங்கி வெளியே திறக்கும் கை) முன்பக்கமாகக் கழன்றுவிடும். பழகிய கைக்கு ஐந்து நிமிடம். அடுப்படி மேசையில், ஒரே ஒரு திருப்புளியோடு முடிகிற வேலை. மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, அச்சுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டிவிடலாம்.

மாட்டும்போது தடுமாறுவது இரண்டு இடத்தில். விசைத் தொகுதியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபர் பாரும் சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் கொக்கியும் (ஆங்கிலத்தில் pawl) நேராக அதனதன் பள்ளத்துக்குள் போக வேண்டும். போகவில்லை என்றால் சுத்தியால் தட்டாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி விடுங்கள். மற்றது, ஸ்பிரிங் தண்டில் குத்திய ஊசியைக் கடைசியில் எடுக்க மறப்பது. அது உள்ளேயே இருந்தால் ஹேமர் செத்துப் போய்த் தொங்கும்.

686-ன் உட்புறத்துக்கு வழி வலப்பக்கத் தகடு. மூன்று திருகு. சரியாகப் பொருந்தும் துப்பாக்கித் திருப்புளி இல்லாவிட்டால் முதல் தடவையே திருகுத் தலை சிதைந்துவிடும். தகட்டைக் கத்தியால் நெம்பவே கூடாது. நெம்பினால் விளிம்பு வளையும், அந்தத் தகடு மறுபடி படியவே படியாது. பிடியின் எஃகை மரக்கைப்பிடியால் தட்டித் தட்டி, அதிர்வில் தானாக எழும்ப விட வேண்டும். முன் திருகு சிலிண்டர் கையைப் பிடித்து நிறுத்துவது. மற்ற இரண்டோடு அதைக் கலந்துவிடக் கூடாது. உள்ளே விசையை மறுபடி முன்னுக்குத் தள்ளும் ரீபவுண்ட் ஸ்லைடின் ஸ்பிரிங் இருக்கிறதே, அது கைதவறினால் கூரைக்குப் போகும். இவற்றைவிட மோசமானது ஒன்று உண்டு. மேலே சொன்ன ஹேமர் பிளாக் தகட்டை மாட்டாமலேயே மூடினாலும் ரிவால்வர் ஒழுங்காகச் சுடும். பாதுகாப்பு போயிருப்பது வெளியே தெரியாது. அதனால்தான் 686 வைத்திருப்பவர்கள் பலர் திறப்பதே இல்லை. முன் திருகை மட்டும் கழற்றிச் சிலிண்டரை எடுத்து, பிடியைக் கழற்றி, இடுக்குகள் வழியே கரைப்பானைப் பீய்ச்சி, காற்றடித்து, எண்ணெய் விடுகிறார்கள். சுடுதளத்துக்கு மட்டும் போய்வரும் துப்பாக்கிக்கு அது போதும். ஓடைத் தண்ணீருக்குப் போதாது.

சிலிண்டர் பூட்டிலும் இதே போக்குதான். 686-ல் வெற்றுக்கூடு தள்ளும் தண்டின் முன்நுனி ஒரு பூட்டு. அந்தத் தண்டு இடப்புரி மரையில் முறுக்கப்பட்டது. தளர்ந்து முன்னே நகர்ந்தால் சிலிண்டர் திறக்கவே திறக்காது, உள்ளே தோட்டாவோடு. அடிக்கடி நடக்காது. ஆனாலும் ஒவ்வொரு சுத்தம் செய்தலின்போதும் விரலால் முறுக்கிப் பார்ப்பது நல்லது. ஜிபி100-ல் தண்டுக்குப் பூட்டும் வேலையே இல்லை. கிரேன் நேராக ஃப்ரேமில் பூட்டிக்கொள்கிறது.

686-ல் 2001-க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் சிலிண்டர் தாழுக்கு மேலே ஒரு சிறிய சாவித்துளை இருக்கும். அது உட்பூட்டு. அண்மையில் பூட்டில்லாத வகைகளும் வரத் தொடங்கியுள்ளன. அந்தப் பூட்டு சுடும்போது தானாக விழுந்துவிடும் என்ற பேச்சு அதன் வயதளவு பழசு. முழு எஃகு 686-ல் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. எனக்கு அந்தத் துளை பிடிக்கவில்லை, அது ரசனை. பழைய 686 வாங்குவதானால் வேறொன்றைப் பாருங்கள். 1987-ல் நிறுவனம் ஆரம்பகால எல் ஃப்ரேம் (686-ன் உடல் அளவு) ரிவால்வர்களைத் திருத்தத்துக்கு அழைத்தது. சில தோட்டாக்களில் பிரைமர் ஃபயரிங் பின் துளைக்குள் பிதுங்கிச் சிலிண்டரைச் சுழலவிடாமல் பிடித்தது காரணம். சிலிண்டர் கையைத் திறந்தால் மாடல் எண் 686 என்று வெறுமனேயோ 686-1 என்றோ இருந்து, பக்கத்தில் எம் என்ற ஆங்கில எழுத்து குத்தப்படாமல் இருந்தால் அது திருத்தப்படாதது.

ஸ்மித்துக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்த மெக்கானிக் எந்த மாநிலத்திலும் கிடைப்பார். ஏழு தோட்டா 686 பிளஸ் நல்ல துப்பாக்கி. விற்கப்போனால் பெயருக்கே ஒரு விலை உண்டு. முதல் உரிமையாளருக்கு ஆயுட்காலப் பழுதுபார்ப்பும் தருகிறார்கள். ரூகர் எழுத்தில் உத்தரவாதமே தருவதில்லை, ஆனாலும் அனுப்பினால் பெரும்பாலும் சரிசெய்து அனுப்புவார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாத துப்பாக்கி என்றால் 686-ஐ எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லை, .38 நிறையச் சுடுவதால் வருவது. குட்டையான கூடு முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் படியும். அடுத்து .357 போட்டால் பாதியில் நிற்கும், அல்லது வெடித்த கூடு வெளியே வராது. .40 அளவு வெண்கலத் தூரிகையைக் கரைப்பானில் நனைத்து ஒவ்வோர் அறையிலும் இருபது முறை சுழற்றினால் போய்விடும். வெற்றுக்கூட்டைக் கொட்டும்போது குழல்வாய் வானத்தைப் பார்க்கட்டும். தரையைப் பார்த்தால் வேகாத மருந்துத் துகள், வெற்றுக்கூடுகளைத் தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் புகுந்து சிலிண்டரை இறுக்கிவிடும். விசை திடீரென்று கனத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், பழைய பல்துலக்கும் தூரிகை போதும். தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து எஃகில் புள்ளி போடும்.

காட்டில் கருங்கரடிக்கு 158 முதல் 180 கிரெயின் கடினக் காரீயக் குண்டு என்பது பலரும் ஒப்புக்கொண்ட தேர்வு. கிரிஸ்லி கரடி உலாவும் மொண்டானா, அலாஸ்கா பக்கம் .357 குறைவுதான். அங்கே இருப்பவர்கள் .44 மேக்னம் எடுக்கிறார்கள், கையில் மிளகுத் தெளிப்பானும் வைத்திருக்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது தெளிப்பானையே. பாம்புக்கென்று விற்கும் சிறு ரவைத் தோட்டா ஏழெட்டு அடிக்குள்தான் உதவும், அந்தத் தூரத்தில் பின்வாங்கி நடப்பது அதைவிட மலிவு. 2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி எடுத்துப் போகலாம். சுடுவது தனி விஷயம், அதற்குத் தடை பெரும்பாலான பூங்காக்களில் அப்படியே இருக்கிறது.

அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, சொந்த மாநில முகவரி, வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் வேண்டும். பச்சை அட்டைக்காரர் வாங்கலாம். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்காரருக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் சட்டத்தில் உண்டு, ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். நண்பர் வீட்டுத் துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பதும் அதே தடைக்குள் வரும்.

எதை எடுத்தாலும் கடையிலேயே மூன்று சோதனை. காலி என்று உறுதி செய்து, அனுமதி கேட்டு, சிலிண்டர் மேல் விரலை லேசாக உரசவிட்டபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் தங்கும்போது சிலிண்டரும் டிக் என்று பூட்டியிருக்க வேண்டும், ஆறு அறையிலும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளிமானியை (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) நுழையுங்கள். 0.004 முதல் 0.008 அங்குலம் வரை சரி. 0.010 தகடு தடையில்லாமல் போனால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். கடைசியாகச் சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால், பெட்டி புதிதாக இருந்தாலும், அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.