ஆப்ஸ்மித்: டேட்டாபேஸ் இணைய மறுக்கும்போது

அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் ஸ்டாக் பட்டியல், ஆர்டர் திருத்தும் திரை போன்றவற்றைச் சட்டென்று கட்டி முடிக்க ஆப்ஸ்மித் நல்ல கருவி. ஓப்பன் சோர்ஸ், டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) இருந்தால் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம். டேபிளை இழுத்துப் போட்டு, எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) எழுதி, பட்டனில் மாட்டினால் போதும். ஆனால் அதற்கு முன்னால், டேட்டாபேஸுடன் இணைக்கும் டேட்டாசோர்ஸ் படிவம் என்று ஒரு வாசற்படி இருக்கிறது. புதிதாக நிறுவுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான். அதனால் இங்கே பேசப்போவது அந்தப் படிவத்தைப் பற்றி மட்டும், அதுவும் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸை வைத்து.

படிவத்தில் குழப்பம் ஏதுமில்லை. ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்ட், எஸ்எஸ்எல் மோட் (இணைப்பை என்க்ரிப்ட் செய்வதா என்பது), சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் பட்டன். டேட்டாபேஸ் சொல்லும் பிழையைப் பெரும்பாலும் மழுப்பாமல் அப்படியே காட்டிவிடுவது இதன் பெரிய பலம். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் பொறி, ஹோஸ்ட் கட்டத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே மெஷின்) என்று போடுவது. போஸ்ட்கிரஸும் அதே சர்வரில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆப்ஸ்மித் ஓடுவது கன்டெய்னருக்குள். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். மேக்கிலும் விண்டோஸிலும் 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்று கொடுத்தால் போதும். லினக்ஸில் அந்தப் பெயர் தானாகக் கிடைக்காது. கன்டெய்னரின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் அதை 'ஹோஸ்ட்-கேட்வே'யுடன் இணைக்க வேண்டும் (டாக்கர் 20.10 முதல் உண்டு). டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் நெட்வொர்க் என்றால், அதில் ஹோஸ்ட்டின் (கன்டெய்னரை ஓட்டும் சர்வரின்) முகவரியான 172.17.0.1 என்று நேரடியாகவே கொடுக்கலாம்.

அடுத்து, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்பதையும் 'டைம்அவுட்' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ரெஃப்யூஸ்ட் வந்தால் மகிழ்ச்சி. சர்வர் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். காரணம் பெரும்பாலும் போஸ்ட்கிரஸின் லிசன்_அட்ரசஸ், அதாவது எந்த முகவரிகளில் இணைப்பைக் கேட்பது என்ற செட்டிங். இயல்பாக அது லோக்கல்ஹோஸ்ட்டை மட்டுமே கேட்கும். அதில் 172.17.0.1ஐயும் சேர்த்து, போஸ்ட்கிரஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீலோட் செய்தால் இந்த மாற்றம் ஏறாது. டைம்அவுட் என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். உபுன்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இயங்கினால், கன்டெய்னரிலிருந்து ஹோஸ்ட்டுக்கு வரும் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 172.17.0.0/16லிருந்து போஸ்ட்கிரஸின் போர்ட்டான 5432க்கு வழி விடுங்கள். கம்போஸ் தனக்கென்று ஒரு நெட்வொர்க் உருவாக்கும், அது 172.18 என்று தொடங்கலாம். டாக்கர் இன்ஸ்பெக்டில் எண்ணைப் பார்த்துவிட்டு விதி எழுதுவது நல்லது.

வழி திறந்ததா என்று தெரிந்துகொள்ளச் சோதனையைக் கன்டெய்னருக்குள்ளிருந்தே செய்ய வேண்டும். டாக்கர் எக்ஸெக்கில் உள்ளே போய், கர்ல் கட்டளைக்கு 'டெல்நெட்://172.17.0.1:5432' என்று கொடுத்து மைனஸ் வி சேர்த்தால், 'கனெக்டட்' என்ற வரி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஹோஸ்ட்டிலிருந்து சோதித்து, இங்கே வேலை செய்கிறதே என்று அடித்துச் சொல்வதில் பயனில்லை.

இதையெல்லாம் தாண்டினால் வருவது, அந்தப் புகழ்பெற்ற 'நோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் என்ட்ரி'. யார் எங்கிருந்து நுழையலாம் என்று போஸ்ட்கிரஸ் பட்டியல் வைத்திருக்கும் கோப்பு அது; அதில் உங்களுக்கான வரி இல்லை என்று அர்த்தம். பிழையைக் கடைசி வரை படியுங்கள். எந்த ஐபி, எந்த யூசர், எந்த டேட்டாபேஸ் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். சொந்த சர்வர் என்றால் அந்த மூன்றையும் வைத்து எச்பிஏ கோப்பில் ஒரு வரி, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை ஸ்க்ரம்-ஷா-256. இதற்கு ரீலோட் போதும். ஐபி இடத்தில் 0.0.0.0/0 போட்டு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும் பழக்கம் வேண்டாம்.

அதே பிழை 'நோ என்க்ரிப்ஷன்' என்று முடிந்து, டேட்டாபேஸ் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இருந்தால், நோய் வேறு. போஸ்ட்கிரஸ் 15 முதல் ஆர்டிஎஸ் இயல்பாகவே எஸ்எஸ்எல் இல்லாத இணைப்பை ஏற்பதில்லை. அங்கே எச்பிஏ கோப்பைத் தொடவும் முடியாது, தொடத் தேவையும் இல்லை. ஆப்ஸ்மித் படிவத்தில் எஸ்எஸ்எல் மோடை 'ரிக்வயர்' ஆக்கினால் முடிந்தது. ஒரே வாசகம் இரண்டு நோய்க்கு வருவதால், எஸ்எஸ்எல் மோட் என்ற கட்டத்தைக் கண்டுகொள்ளாதவர்கள் எச்பிஏவைத் தேடி அலைகிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

போஸ்ட்கிரஸைக் கிளவுடில் தரும் சேவையான சூப்பாபேஸில் நேரடி ஹோஸ்ட் இயல்பாக ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) மட்டுமே. சர்வரில் ஐபிவி6 இல்லையென்றால் பூலர் (இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இடைநிலை சர்வர்) முகவரியைப் போடுங்கள், யூசர் பெயரில் புள்ளிக்குப் பின் ப்ராஜெக்ட் குறியீடும் வரவேண்டும். 6543 போர்ட் டிரான்சாக்‌ஷன் மோட்; அதில் ப்ரிபேர்ட் ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்து வைக்கும் க்வெரி) செல்லாது. செஷன் மோடான 5432ஐ எடுத்தால் தலைவலி குறைவு.

டெஸ்ட் பட்டன் பச்சைக்கொடி காட்டியபின் க்வெரி மட்டும் டைம்அவுட் ஆனால், இணைப்பைச் சந்தேகிக்காதீர்கள். ஒவ்வொரு க்வெரிக்கும் இயல்பான வரம்பு 10,000 மில்லிசெகண்ட், அதாவது 10 விநாடி. க்வெரியின் செட்டிங்ஸில் கூட்டலாம். ஆனால் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லாத டேபிளுக்கு அது மருந்தல்ல.

வேறு சர்வருக்கு மாற்றும்போது மட்டும் கவனம். பாஸ்வேர்டுகளை ஆப்ஸ்மித் என்க்ரிப்ட் செய்துதான் வைத்திருக்கும்; அந்த என்க்ரிப்ஷனுக்கான பாஸ்வேர்டும் சால்ட்டும் (அதோடு சேர்க்கும் கூடுதல் எழுத்துக்கோவை) டாக்கர்.என்வ் கோப்பில் உள்ளன. அந்த இரண்டு வரியை எடுத்துக்கொள்ளாமல் பேக்கப்பை ஏற்றினால் ஆப்கள் எல்லாம் வந்துவிடும், டேட்டாசோர்ஸ் ஒன்றுகூட இணையாது.