டிஸ்க்கை வெட்டக் கொடுக்குமுன் உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கார் ஓடுகிறவர்கள் இதை ஒருதரம் வாசியுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பிரேக் விஷயம். டிஸ்க் என்பது சில்லோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு; பிரேக் பிடித்தால் பேட்கள் இரண்டு பக்கமும் அதைக் கவ்வும். வெட்டுவது என்றால் லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், அதன் முகத்தைச் சீவி மட்டமாக்குவது. கராஜின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் களுவாஞ்சிகுடி. பாடசாலை ஆசிரியை. என்னுடையது 2008 மாடல் ஜப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் 2022இல் ரூபாயும் விழுந்தது. என்னைப்போல எத்தனையோ பேர் இருக்கிற காரையே திருத்தித் திருத்தி ஓடுகிறோம். அதனால் 'புதுசு தேவையில்ல, வெட்டிப் போட்டாக் காணும்' என்று ஒருவர் சொன்னால் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. எனக்கும் அப்படித்தான் சாய்ந்தது.

போன மாரி முடிந்த கையோடு, 60க்கு மேல் போய் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. பெடலும் காலுக்குக் கீழே துடித்தது. கல்முனை வீதியில் உள்ள ஒரு கராஜில் விட்டேன். முன் சில்லுகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு பாஸ் சொன்னார்:

"டிஸ்க் கோணிப்போய்க் கிடக்கு டீச்சர். லேத்தில குடுத்து ரெண்டு முகமும் வெட்டினா சரி."

"புதுசு போடத் தேவையில்லையா பாஸ்?"

"என்னத்துக்கு? இஞ்ச பாருங்க, எவ்வளவு மொத்தம் கிடக்கு."

வேர்னியரை எடுத்து டிஸ்க்கின் ஓரத்தில் கவ்வவைத்துக் காட்டினார். 21.6 மில்லிமீற்றர். "புதுசே 22 தான் டீச்சர்" என்றார். எண்ணைக் கண்ணால் கண்டேன், நம்பினேன்.

வெட்டுக் கூலி, புதுப் பேட், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய். தந்த துண்டில் 'பிரேக் வேலை' என்று மட்டும் எழுதியிருந்தது. பழைய பேட்டைக் கேட்டேன், எறிந்தாயிற்று என்றார்கள்.

மூன்று கிழமை நன்றாகவே ஓடியது. அதை மறைக்கக்கூடாது. புதிதாய் வெட்டின டிஸ்க் ஊருக்குள் ஓடும்போது எல்லாருக்கும் நன்றாகத்தான் பிடிக்கும், அதனால்தான் ஏமாந்தது உடனே தெரியவருவதில்லை.

பிறகு மகளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விட பதுளைக்குப் போனோம். திரும்பி வரும்போது நானும் தம்பியும் மட்டும். செங்கலடி - பதுளை வீதியில் போனவர்களுக்குத் தெரியும், பசறை, லுணுகலை தாண்டி பிபிலை வரும்வரை வளைவும் இறக்கமும்தான். லுணுகலைக்குக் கீழே முதலில் பழைய நடுக்கம் வந்தது. மறுகா கருகின மணம். அதற்குப் பிறகு பெடல் வழமையை விட ஆழமாகப் போனது. இன்னொரு தரம் மிதித்தேன், இன்னும் ஆழமாகப் போனது. எதிரே பஸ் ஏறி வருகிறது.

"அக்கா, மிதிச்சுக்கொண்டே இராத, கியரக் குறை" என்று தம்பி கத்தினான். 'எல்'லுக்கு மாற்றி, வேகம் இறங்க ஓரங்கட்டி நிறுத்தினேன். இடப்பக்க முன் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு வெக்கை. முக்கால் மணித்தியாலம் அங்கேயே நின்றோம். மகள் இறங்கின பிறகு நடந்ததே என்று மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றியது. மகாஓயா வரும்வரை 30க்கு மேல் போகவில்லை.

அடுத்த நாள் தம்பிக்குத் தெரிந்த கல்முனை மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயதான மனிதர், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி, நடுவிலுள்ள தொப்பிப் பகுதியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, "இத வாசிங்க டீச்சர்" என்றார். இரும்பிலேயே பொறித்திருந்தது: ஆகக் குறைந்த தடிப்பு 20 மில்லிமீற்றர். பிறகு ஓரத்தை விட்டு உள்ளே அளக்கிற மைக்ரோமீற்றரால் சுற்றிவர எட்டு இடத்தில் அளந்து, ஒவ்வொன்றாகக் கடதாசியில் எழுதினார். இடது டிஸ்க்கில் ஆகக் கூடிய எண் 19.3. வலது டிஸ்க்கும் 20ஐத் தொடவில்லை.

அப்படியென்றால் நான் கண்ட 21.6? அதையும் அவரே விளங்கப்படுத்தினார். பேட் உரசுகிற இடம்தான் தேயும். பேட் தொடாத வெளி ஓரம் தேயாது, கறளும் ஏறி உயர்ந்து நிற்கும், வயலைச் சுற்றி வரம்பு நிற்கிற மாதிரி. வேர்னியரின் நேரான வாய் இரண்டு பக்கமும் வரம்பில்தான் முட்டும். அந்தப் பாஸ் எனக்குக் காட்டியது வரம்பின் அளவு. உள்ளே வயல் அப்போதே 20ஐ அண்டித்தான் இருந்திருக்க வேண்டும். லேத்தில் ஒரு முகத்துக்கு அரை மில்லிமீற்றர் போனாலே 19க்கு வந்துவிடும். தினமும் பிரேக் வேலை செய்கிற ஒருவருக்கு இது தெரியாது என்று நான் ஏற்கமாட்டேன்.

மெல்லிய டிஸ்க்கில் என்ன ஆபத்து? ஓடுகிற காரின் வேகத்தைப் பிரேக் வெக்கையாகத்தான் மாற்றுகிறது. அந்த வெக்கையைத் தாங்குவது டிஸ்க்கின் இரும்பு. இரும்பு குறைந்தால் சீக்கிரம் சுடும், சூடு பேட்டை அழுத்துகிற கலிப்பர் வழியாகப் பிரேக் ஒயிலுக்குப் போகும். காலப்போக்கில் காற்றிலிருந்து ஈரம் இழுத்த பழைய ஒயில் என்றால் சீக்கிரமே கொதித்துக் குமிழி கட்டும், பெடல் கீழே போகும். என்னுடைய ஒயில் எத்தனை வருடம் மாற்றாமல் கிடந்தது என்று அந்தக் கராஜில் ஒருவரும் கேட்கவில்லை.

அதைவிட எனக்குக் கோபம், நடுக்கத்தின் மூல காரணத்தை அவர்கள் தொடவே இல்லை என்பதில். டிஸ்க் போய் உட்காருகிற ஹப்பின் முகத்தில் கறள் பொருக்குப் பொருக்காக அப்படியே இருந்தது. அதன் மேல் எந்த டிஸ்க்கை வைத்தாலும் மயிரிழை சரிந்துதான் நிற்கும். சுற்றுகிற ஒவ்வொரு தரமும் பேட் ஒரே இடத்தில் தட்டித் தட்டி, நாளடைவில் டிஸ்க் ஓரிடம் மெல்லிசு ஓரிடம் மொத்தமாகிவிடும். நாங்கள் 'கோணல்' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தடிப்பு வித்தியாசம்தான். இடது கலிப்பர் வழுக்கி நகர்கிற இரும்புப் பின்னும் (pin) இறுகிப்போய், உள்பக்கப் பேட் எந்நேரமும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்கட பக்கம் இது அடிக்கடி வருகிற வருத்தம் என்றார் நானா.

"அப்ப வெட்டவே கூடாதா நானா?"

"ஏன் கூடாது? மொத்தம் கிடந்தா வெட்டலாம் மகள். நானும் வெட்டிக் குடுக்கிறன்தான். வெட்டின பிறகு எவ்வளவு மிஞ்சும் எண்டு முதல்ல பாக்கணும்."

22இல் தொடங்கி 20இல் முடிகிற டிஸ்க்குக்கு ஆயுள் முழுக்க இரண்டே மில்லிமீற்றர்தான். வெட்டிய பிறகும், அடுத்த செட் பேட் தேய்ந்து முடியும்வரை அந்த எண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். இந்த எண் காருக்குக் கார் மாறும், உங்கள் டிஸ்க்கில் உள்ளதைப் பாருங்கள். வெடிப்பு, நீலம் பாய்ந்த திட்டு, நடுக் காற்றுவழிகளில் இரும்பு பொரிந்து கொட்டுவது, இவை இருந்தால் எவ்வளவு தடிப்பு என்றாலும் மாற்றத்தான் வேண்டும். எது செய்தாலும் இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. மழையில் இரவு நின்ற காரின் டிஸ்க்கில் காலையில் செம்மஞ்சளாகக் கறள் படியும். நாலு தரம் பிரேக் பிடித்தால் போய்விடும். எங்கள் பாடசாலையிலேயே ஒருவரிடம் அதைக் காட்டி 'வெட்டவேணும்' என்று காசு வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குப் புது டிஸ்க் சோடி 26,000 ரூபாய். ஹப் துப்புரவு, கலிப்பர் பின்னைக் கழுவிக் கிறீஸ் போட்டது, புது ஒயில், திரும்பவும் பேட். முதலில் கொடுத்த 19,500 வீண்.

கழற்றிய டிஸ்க்குகளோடு பழைய கராஜுக்குப் போனேன். "வெட்டுறதுக்கு ஓம் எண்டது நீங்கதானே டீச்சர். மலையில ஓடினா எந்த டிஸ்க்கும் காயும்" என்றார். ஓரத்தை விட்டு உள்ளே அளந்து காட்டுங்கள் என்றேன். மைக்ரோமீற்றர் அங்கே இல்லவே இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்துக் கேட்டுவிட்டு, முறைப்பாட்டை எழுத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும் என்பதால் பிந்த விடாதீர்கள். நானா எழுதின அளவுக் கடதாசியையும் இணைத்தேன். என்னிடம் இல்லாதது ஒழுங்கான பில். 'டிஸ்க் இரண்டு வெட்டியது, வெட்டிய பின் தடிப்பு இவ்வளவு' என்று எழுதி வாங்கியிருந்தால் அந்தப் பாஸுக்குப் பேச்சே இருந்திராது. டிஸ்க்குகள் இரண்டும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.