மூன்று டப்பாவா, இரண்டு டப்பாவா?

கொடைக்கானலில் சாக்லேட் கடை வைத்திருப்பவள், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோவில் இறங்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். பக்கத்துக் கடை அண்ணாச்சி இன்றுவரை அதைப் ‘பேலியோ’ என்றுதான் சொல்கிறார்.

இங்கே வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து தரும் ஒரு சமையல்கூடத்தில் இரண்டு மாதம் பணம் கட்டினேன். முதல் மாதம் கலோரிக் கணக்கு: நாளுக்கு மூன்று டப்பா, மொத்தம் 1,400 கலோரி. அடுத்த மாதம் விரதக் கணக்கு: பகல் 12 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் இரண்டு டப்பா, மீதி 16 மணி நேரம் தண்ணீரும் சர்க்கரை போடாத கடுங்காப்பியும்தான். இரண்டிலும் மாவுச்சத்து 30 கிராமைத் தாண்டாது என்பது பேச்சு.

சமையல் நன்றாகவே இருந்தது. மலைப்பூண்டு தட்டிப்போட்ட நாட்டுக்கோழி வறுவல் வந்த நாளெல்லாம் டப்பாவை வழித்திருக்கிறேன். முட்டையோடு உப்பு, மிளகு தூவிய பட்டர் ஃப்ரூட் வரும். தாண்டிக்குடிப் பக்கத்துப் பழம், வெண்ணெய்தான். காலிஃபிளவர் உப்புமாவை மட்டும் ஆறவிட்டுவிடாதீர்கள், ஈரத்துணி வாடை அடிக்கும். ஒரு வாரம் கேரட் பொரியலாகவே வந்தது. 100 கிராம் கேரட்டில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து இருக்கிறதே என்றேன். “நம்ம மலைக் கேரட் அக்கா, ஒன்றும் செய்யாது” என்றார் கொண்டுவரும் தம்பி.

முதல் மாதம் என்னைப் படுத்தியது பசி. டப்பா சின்னது, டிசம்பர் குளிரில் 11 மணிக்கே வயிறு கூப்பாடு போடும், கையெட்டும் தூரத்தில் பாதாம் சாக்லேட். விரத மாதத்தில் முதல் பத்து நாள் காலைகள் கொடுமை. பிறகு பசியே நேரம் பார்த்து வரப் பழகிக்கொண்டது. இரண்டே வேளை என்றாலும் வயிறாரச் சாப்பிட்ட நிறைவு இருந்தது.

எடை முதல் மாதம் 3.4 கிலோ குறைந்தது, அடுத்த மாதம் 1.5. இதை வைத்துக் கலோரிக் கணக்குக்கு மாலை போட வேண்டாம். முதல் வாரத்திலேயே போன 2 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாக மாற்றிச் சேர்த்துவைக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும். அதைக் கழித்தால் இரண்டு மாதமும் ஒன்றுதான். சீனாவின் குவாங்ஜோவில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான் முடிந்தது. அவர்கள் கீட்டோ சாப்பிட்டவர்கள் அல்லர். ஆனால் எல்லோருக்கும் கலோரி அளவு உண்டு, பாதிப் பேருக்குக் கூடவே நேரக் கட்டுப்பாடும். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு ஒத்துவந்தது விரதம்தான். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கினால் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம். பணம் வாங்கும்போது இதை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்கள். இதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இரண்டு டப்பாவுக்கும் அதே 9,000 ரூபாயா என்று சண்டைக்குப் போனேன். “டப்பாதான் குறைவு, உள்ளே அதே அளவுதானே அக்கா” என்றார் தம்பி. முந்தின நாள்தான் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தேன். அதே அளவுதான்.