செரிமான மண்டல மாதிரி வாங்கப் போகிறீர்களா? முன்சிறுகுடலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சென்னை பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு, பாரிமுனை பக்கத்து லேப் சாமான் கடைகள் என்று சுற்றினால் ஒரே வடிவப் பலகை ஒன்று கண்ணில் படும். மூக்கு, வாய் தொடங்கி மலவாய் வரை உணவுப் பாதை முழுவதையும் புடைப்பாக வார்த்து, வண்ணம் பூசிப் பலகையில் பொருத்தியிருப்பார்கள். உயரம் 80 செ.மீ. சொச்சம். இரைப்பையின் முன்சுவரும் குறுக்குப் பெருங்குடலும் கழன்று வரும். பலகையோடு சேர்த்து மூன்று பாகம் என்பது கடைக்காரர் கணக்கு. ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கும் பதினொன்றாம் வகுப்பு உயிரி-விலங்கியலுக்கும் இது போதும்.

பள்ளிக்கு, டியூஷன் சென்டருக்கு, நர்சிங் மாணவிகளுக்கு என்று யார் கேட்டாலும் வாங்கலாம் என்றுதான் சொல்வோம். ஆனால் எல்லாப் பலகையும் ஒன்றல்ல. அச்சிலிருந்து அச்சு எடுக்க எடுக்க நுணுக்கம் மழுங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். பக்கத்தில் போய் ஒரே ஓர் இடத்தைப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும். அந்த இடம் முன்சிறுகுடல், அதாவது டியோடினம்.

குறுக்குப் பெருங்குடலைக் கழற்றுங்கள். அதற்குப் பின்னால், இரைப்பை முடிகிற இடத்திலிருந்து ஆங்கில 'சி' எழுத்துப் போல வளைந்து இறங்குவதுதான் டியோடினம். நீளம் சுமார் 25 செ.மீ. பன்னிரண்டு விரல் அகலம் என்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்த வளைவுக்குள் கணையத்தின் தலை இடைவெளி இல்லாமல் பொருந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். சுமாரான வார்ப்புகளில் கணையம் தனியாக, வளைவை விட்டு ஒரு விரல் தள்ளி மிதக்கும். அப்படி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, திறந்து காட்டியிருக்கும் உட்சுவரில் சிறு மொட்டுப் போல ஒரு புடைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். வளைவின் கீழ்நோக்கி இறங்கும் இரண்டாம் பகுதியில், கணையத்தை ஒட்டிய பக்கச் சுவரில், இரைப்பையின் வெளிவாசலான பைலோரஸிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி அது இருக்கும். பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து திறக்கும் வாய் அதுதான். சில பலகைகளில் பித்தநாளத்தைக் காட்டும் பச்சைக் கோடு இரைப்பையின் அடியிலேயே முடிந்துவிடுகிறது. பெயிண்ட் அடித்தவருக்கு அது ஒரு கோடு. படிக்கிற பிள்ளைக்கோ பித்தம் இரைப்பையில் சுரக்கிறது என்ற தப்பான பாடம். பிறகு எத்தனை வருடம் படித்தாலும் அது மனதை விட்டுப் போவதில்லை.

இந்தச் சின்ன மொட்டுக்கு ஏன் இத்தனை வக்காலத்து? இரைப்பையிலிருந்து வரும் கூழ் கடும் அமிலம், அதன் பிஎச் 2 அளவில் இருக்கும். கணைய நீரில் உள்ள பைகார்பனேட் அதைத் தணித்தால்தான் டிரிப்சின், லைபேஸ், அமைலேஸ் என்று மூன்று நொதிகளும் வேலை செய்ய முடியும். பித்தம் கொழுப்பைப் பொடித்துளிகளாக உடைத்துக் கொடுத்தால்தான் லைபேஸுக்குப் பிடி கிடைக்கும். எல்லாம் கூடும் முனை இதுதான். பித்தப்பைக் கல் ஒன்று நழுவி இந்த வாயில் மாட்டிக்கொண்டால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் சேர்ந்தே வரக்கூடும். ஏன் இரண்டும் சேர்ந்து வருகிறது என்பதை இந்தப் பலகையில் விரல் வைத்தே விளக்கிவிடலாம், அந்த மொட்டு சரியான இடத்தில் இருந்தால்.

இரைப்பைக்கு வருவோம். முன்சுவரைக் கழற்றினால் உள்ளே நீளவாட்டில் மடிப்புகள் தெரிய வேண்டும். சாப்பாடு நிறைய நிறைய இந்த மடிப்புகள் விரிந்து, ஒன்று ஒன்றரை லிட்டர் வரை இடம் கொடுக்கும். கவனிக்க வேண்டியது வெளியேறும் வாசல். பைலோரிக் சுருக்குத்தசை தடித்தும் துவாரம் குறுகியும் இருக்க வேண்டும். மலிவுப் பலகைகளில் உணவுக்குழல் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமாக இதையும் திறந்து வைத்திருக்கிறார்கள். இரைப்பை என்பது புனல் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். உண்மையில் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில மில்லி வீதம்தான் அது வெளியே தள்ளும். காலையில் இட்லி சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்கிறது, நெய் மிதக்கும் பொங்கல் சாப்பிட்டால் மதியம் வரை வயிறு கனக்கிறது, இல்லையா? கொழுப்பு டியோடினத்தைத் தொட்டதும் அதன் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது பித்தப்பையைப் பிழிகிறது, கணையத்தை முடுக்குகிறது, இரைப்பையைப் பார்த்து மெதுவாக அனுப்பு என்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மூன்று இடத்தையும் தொட்டுக் காட்ட இந்த மாதிரியைப் போல வசதியானது வேறில்லை. இதில் மட்டும் முழு மதிப்பெண் தரலாம்.

கல்லீரலை மேலே தூக்கிய நிலையில் வார்த்திருப்பார்கள். பித்தப்பை தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது, தவறில்லை. ஆனால் உடம்பில் அது வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், இரைப்பையின் ஒரு பகுதியை மூடியபடி இருக்கும் என்று வாயால் சொல்லிவிடுங்கள். எடை சுமார் ஒன்றரைக் கிலோ. இடது பக்கம் ஊதா நிறத்தில் இருக்கும் மண்ணீரலுக்கும் செரிமானத்துக்கும் வேலைத் தொடர்பு இல்லை, அக்கம்பக்கம் என்பதால் பலகையில் இடம் பிடித்திருக்கிறது. மாதிரி நம்மைப் பார்த்து நிற்பதால் அதன் வலது நமக்கு இடது. தேர்வில் கல்லீரலைப் பக்கம் மாற்றி வரைவது இந்தக் குழப்பத்தால்தான். பலகையின் இரு ஓரத்திலும் 'வலது', 'இடது' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

இதன் பெரிய குறை சிறுகுடல். எந்தக் கடையில் வாங்கினாலும் அது ஒரே கட்டியாக வார்த்த சுருள்தான். விரலை வைத்து மேலிருந்து கீழே வர முயன்றால் நான்கு வளைவுக்குள் பாதை முட்டி நிற்கும். சிறுகுடல் சுமார் 6 மீட்டர் என்ற கணக்கு அந்தச் சுருளில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. (6 மீட்டர் என்பது இறந்தபின் தசை தளர்ந்த நிலையில் எடுத்த அளவு. உயிருள்ள உடலில் தசை இறுக்கத்தால் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.) இதற்கு எளிய பரிகாரம் உண்டு. துணி காயப்போடும் கொடிக்கயிறு எட்டு மீட்டர் வாங்கி மூன்று துண்டாக்குங்கள்: உணவுக்குழலுக்கு 25 செ.மீ., சிறுகுடலுக்கு 6 மீட்டர், பெருங்குடலுக்கு ஒன்றரை மீட்டர். சிறுகுடல் கயிற்றில் முதல் 25 செ.மீட்டரைச் சிவப்பு மையால் குறித்தால் அது டியோடினம். அதற்கப்புறம் சுமார் இரண்டரை மீட்டர் ஜெஜுனம், மீதி இலியம். மாதிரிக்குப் பக்கத்தில் இந்தக் கயிறு தொங்கினால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஜெஜுனம் தடித்த சுவரும் நெருக்கமான உள்மடிப்புகளும் கொண்டது, நிறமும் சிவப்பு கூடியது. இலியம் மெலிந்து வெளிறியிருக்கும். பெயிண்டில் இந்த வித்தியாசத்தைக் காட்டும் பலகை கிடைத்தால் சற்று விலை கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அவற்றை இந்த அளவில் காட்ட வழியில்லை. சில பலகைகளில் மூலையில் பெரிதாக்கிய குடலுறிஞ்சி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அதன் நடுவில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நிணநீர்க்குழல் ஓடுகிறதா என்று பாருங்கள். சர்க்கரையும் அமினோ அமிலமும் இரத்தத்தில் கலந்து நேரே கல்லீரலுக்குப் போகும், கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் வழியே போகும். சிவப்பும் நீலமும் மட்டும் தீட்டியிருந்தால் இந்த இரண்டாம் பாதை விட்டுப்போயிருக்கிறது.

பெருங்குடலில் இடப்பக்க மேல் வளைவு வலப்பக்க வளைவைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வலது பக்கம் கல்லீரல் அழுத்துவதால் அந்த வளைவு தாழ்கிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் கோலம் போட்ட மாதிரி இருந்தால் வார்த்தவர் உடலைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்திருக்கிறார். பெருங்குடல் தொடங்கும் பையான சீக்கத்தைத் திறந்து காட்டிய இடத்தில் இலியம் நுழையும் வால்வும் அதற்குக் கீழே குடல்வாலின் துளையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பெருங்குடலின் மேல் ஓடும் மூன்று தசைப்பட்டைகளும் குடல்வாலின் அடியில்தான் வந்து கூடுகின்றன. அறுவை மருத்துவர் குடல்வாலைத் தேடும்போது பிடித்துக்கொண்டு போகும் வழியும் அதுதான். பலகையில் முதலில் உடைவதும் குடல்வால்தான். தனியாகச் செய்து ஒட்டியதாக இருந்தால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேறு பெட்டி கேளுங்கள்.

எண்களையும் சரிபாருங்கள். பலகையில் உள்ள எண்ணும் கூட வரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாத பெட்டிகள் கைக்கு வருவதுண்டு. ஈர விரலால் ஓர் எண்ணைத் தேயுங்கள். மை ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஒரு கல்வியாண்டு தாங்காது.

கடைசியாகப் பராமரிப்பு. சென்னையின் உப்புக்காற்றில், கழலும் பாகங்களைப் பிடித்திருக்கும் இரும்பு ஊசிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த ஊசியை இழுத்தால் துளையும் சேர்ந்து பிய்யும். காந்தம் அல்லது பிளாஸ்டிக் முளை வைத்தது நல்லது. இரும்பு ஊசிதான் கிடைத்தது என்றால் மாதம் ஒருமுறை துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் மாட்டாதீர்கள், சிவப்பு முதலில் வெளிறும். துடைக்கச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தின்னர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, பெயிண்டைக் கரைத்துவிடும். ஆட்டோவில் எடுத்துப் போகும்போது குறுக்குப் பெருங்குடலைக் கழற்றித் தனித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பலகையைப் படுக்கவைக்காமல் நிறுத்திப் பிடியுங்கள்.