டெல்லி குளிரில் சிலருக்கு மட்டும் ஏன் சடக்கென்று ஷாக் அடிக்கிறது: உடம்பா, உடையா, செருப்பா?

டிசம்பர் பிறந்துவிட்டால் அக்கா பீரோ கைப்பிடியைத் தொடமாட்டாள். "டேய், நீ வந்து திறடா, எனக்கு ஷாக் அடிக்கும்" என்று உள்ளே இருந்து கூப்பிடுவாள். நான் போய்த் திறப்பேன், ஒன்றும் ஆகாது. தூத்துக்குடியில் வளர்ந்த காலம் முழுக்க ஒரு தடவைகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை, டெல்லி மயூர் விஹாருக்குக் குடிவந்த முதல் குளிரிலேயே ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டு மாமி வேறு "உன் உடம்புல கரண்ட் ஜாஸ்திடி" என்று சொல்லிவைக்க, தனக்கு ஏதோ வியாதி என்றே அக்கா பயந்துபோனாள். இது துணியும் உடம்பும் உரசிச் சேரும் நிலைமின்சாரம்தான், அந்தப் பயம் தேவையே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காற்றை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். டெல்லிக் குளிரில் வீட்டுக்குள் காற்று வறண்டிருக்கும்; தூத்துக்குடிக்கும் டெல்லிக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லும், ஒரே அறையில் இருக்கும் அக்காவுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. ஆனாலும் ஒரு சந்தேகம் வரும்: டெல்லியில்தான் காலையில் பனிமூட்டம் மூக்கை மறைக்கிறதே, ஈரப்பதம் 90 சதவீதம் என்கிறார்களே, அப்புறம் எப்படிக் காற்று வறண்டது? குளிர்ந்த காற்றால் கொஞ்சம் நீரைத்தான் தாங்க முடியும். 8 டிகிரியில் 90 சதவீதம் இருக்கும் அதே காற்றை வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். காற்று ஈரமாக இருந்தால் துணி மேலும் தோல் மேலும் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, சேரும் மின்னூட்டம் அதன் வழியே சத்தமில்லாமல் வடிந்துவிடும். கடலோர ஊரில் நடப்பது அதுதான்.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். உடம்பு ஒரு பக்கம், உடை ஒரு பக்கம், காலில் போடுவது இன்னொரு பக்கம்.

உடம்பு கொஞ்சம்தான் மாற்றும். நம் உடம்பு மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன மின்தேக்கி மாதிரி, அதன் கொள்ளளவு மிகக் குறைவு, ஆளுக்கு ஆள் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. தோல் வறண்டவர்களுக்குத் துணி உரசும்போது மின்னூட்டம் கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். "உடம்பில் கரண்ட்" என்று தனியாக எதுவும் ஊறிக்கொண்டிருப்பதில்லை.

உடைக்கு அதைவிடப் பெரிய பங்கு. கம்பளியும் நைலானும் நேர்மின்னூட்டத்தை எடுத்துக்கொள்ளும் ஜாதி, பாலியஸ்டர் எதிர்மின்னூட்டத்தை எடுத்துக்கொள்ளும் ஜாதி, பருத்தி நடுவில். பாலியஸ்டர் குர்த்தி மேல் கம்பளி ஸ்வெட்டர் என்பது அக்காவின் தினசரி உடை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அவள் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் வரும், கழுத்துப் பக்கம் நீலமாகப் பொறி ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் கணிப்பில் ஜெயிப்பது செருப்புதான். மூன்று ராத்திரி ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பரிசோதித்துப் பார்த்தோம். அக்கா ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள்ளிருந்து சோபாவை விட்டு எழுந்து, வழக்கமாகப் போடும் கனமான ரப்பர் செருப்போடு நடந்து பீரோவைத் தொட்டாள்: சடக். அதே உடை, அதே சோபா, வெறுங்கால்: ஒன்றுமில்லை. அவள் செருப்பை நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன், எனக்கு இத்தனை நாள் அடிக்காத அடி அன்றைக்கு அடித்தது. பிறகு அவள் முழுக்கப் பருத்திக்கு மாறி, செருப்பை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு வந்தபோது அடித்தது, ஆனால் லேசாக. நான் வீட்டில் எப்போதும் வெறுங்காலோடு திரிகிறவன், மொசைக் தரை வழியே எல்லாம் வடிந்துபோகிறது. ரப்பரும் ஃபோமும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. தோல் செருப்பு ஓரளவுக்கு வழிவிடும்.

எவ்வளவு மின்னழுத்தம் என்று மதிப்பிடவும் வழி இருக்கிறது. காற்றில் 1 மில்லிமீட்டர் தாண்டப் பொறிக்குச் சுமாராக 3,000 வோல்ட் வேண்டும், ஆக அக்கா விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்குப் பொறி தாவினால் பத்தாயிரம் வோல்ட்டை நெருங்கியிருக்கும். கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் ஒரு மைக்ரோ விநாடிக்குள் தீர்ந்துவிடும், அதில் இருக்கும் ஆற்றல் சில மில்லிஜூல்தான், ஆரோக்கியமாக இருப்பவரை அது ஒன்றும் செய்யாது.

இனி பரிகாரங்கள். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வேலை செய்யும், ஆனால் காசு, தண்ணீர் நிரப்பும் வேலை, சுத்தம் வேறு. லோஷன் தடவினால் தோலுக்கு நல்லது, ஷாக்குக்குப் பாதி மருந்து. செலவே இல்லாதது சாவி: சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து அதன் முனையால் பீரோவைத் தொட்டால் பொறி சாவியில் விழும், மின்சாரம் உள்ளங்கை முழுக்கப் பரவுவதால் வலி தெரியாது. காரில் இறங்கும்போது இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், மின்னூட்டம் சேரச் சேர வடிந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பெட்ரோல் ஆவியோ சமையல் கேஸோ பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் அளவே போதும், நம் விரல் பொறி அதைவிடப் பல மடங்கு. கேஸ் வாடை வந்தால் அங்கே ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள், சுவிட்சையும் தொடாதீர்கள். பெட்ரோல் போடும் இடத்தில் டேங்க் மூடியைத் திறக்கும் முன்பு, மூடியை விட்டுத் தள்ளி வண்டியின் உலோகப் பாகத்தை ஒரு தரம் தொட்டுவிடுங்கள்.

அப்புறம் இதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னதெல்லாம் ஒரே ஒரு சடக், உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. போன ஜனவரியில் குளியலறைக் குழாயைத் தொடும்போதெல்லாம் அக்காவுக்குச் சுர்ரென்று இழுத்தது, கையை எடுக்கும்வரை விடவில்லை, அதுவும் ஈரக்கையில். அவள் அதையும் குளிர்கால ஷாக் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அது கீஸரின் மின்கசிவு, எர்த் கம்பி விட்டுப்போயிருந்தது. இப்படி இழுத்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை அந்தக் குழாயில் யாரையும் குளிக்க விடாதீர்கள்.